மஹபூப் பாஷாவின் கடைசி அத்தியாயம்

"நம்ம ஊரு கோயில் செவுத்துல ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி எய்தி வெச்சிகீறாங்களே, அத எவனாச்சும் மாத்த முடிஞ்சுதா? நவாபு வந்தான், வெள்ளக்காரன் வந்தான், பஞ்சாயத்து போர்டு வந்துது. முடிஞ்சுதா? என் நாவலும் அதே மாதிரிதான். ஒரு புள்ளி மாறாது. நான் மவுத்தா போனாலும் மாறாது."

தொண்ணூற்றெட்டாம் வருடப் பங்குனி வெயிலில், உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிர்ப்புற டீக்கடையில், ஒரு கையில் கிளாசும் மறு கையில் நனைந்த பிஸ்கட்டுமாக நின்று மஹபூப் பாஷா இதை அறிவித்தார். கேட்டவர்கள் டீ மாஸ்டரும், செங்கல்பட்டு பஸ்ஸுக்குக் காத்திருந்த சிலரும், வாழைப்பழத் தோலுக்குக் காத்திருந்த ஒரு மாடும். மாடு மட்டும் தலையை இடவலமாக ஆட்டியது. அதற்கு ஈ தொந்தரவு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அறிவிப்புக்குக் காரணம் இருந்தது. அவருடைய நாவலைச் சினிமாவாக எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி அன்று காலைதான் ஊருக்குள் வந்து சேர்ந்திருந்தது. நாவல் ஒன்று இருக்கிறது என்ற செய்தியும் பலருக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது.

பாஷா பஜார் தெருவில் 'கனி ஸ்டோர்ஸ்' என்ற மளிகைக்கடையின் சொந்தக்காரர். தகப்பனார் அப்துல் கனி தொடங்கிய கடை. அப்துல் கனி மகனுக்குக் கடையோடு ஒரு சட்டத்தையும் விட்டுப்போனார். வாங்கின சாமான் சரியில்லை என்று ஒருவர் திரும்பக் கொண்டுவந்தால் வாதம் பண்ணக் கூடாது, மாற்றிக் கொடுத்துவிட வேண்டும். வண்டு வைத்த பயறு, கட்டி தட்டின வெல்லம், நுரைக்காத சோப்பு எல்லாம் இந்தச் சட்டப்படி திரும்பி வந்திருக்கின்றன. பாதி தேய்த்த சோப்பைக்கூட மாற்றிக் கொடுத்த கடை என்று சுற்று வட்டாரத்தில் பெயர்.

இப்படிப்பட்ட கடையில், மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, பாஷா ஒன்பது வருடம் உழைத்து எழுதிய நாவல்தான் 'கீழைத் தெருக் கதவு'. அதில் பல அத்தியாயங்கள் வாக்கியத்தின் நடுவிலேயே சட்டென்று முடிந்துவிடும். அதை நவீன உத்தி என்று காஞ்சிபுரத்தில் ஒரு தமிழாசிரியர் பாராட்டியதுண்டு. அந்த இடங்களில் யாரோ துவரம் பருப்பு கேட்டு வந்திருந்தார்கள் என்பதுதான் உண்மை. சொந்தச் செலவில் அச்சிட்ட பிரதிகள் கட்டுக்கட்டாகப் பருப்பு மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தன. முதல் பதிப்பை ஆழ்ந்து அனுபவித்தவை எலிகள்.

கதை முழுக்க முழுக்கத் தன் கற்பனை என்று பாஷா முன்னுரையில் எழுதியிருந்தார். அந்தக் கற்பனை தினமும் காலையில் கீழைத் தெருவிலிருந்து நடந்து வந்து கடைக் கல்லாவில் உட்காரும். பெயர் தாஜுன்னிசா. பாஷாவின் அக்கா. அவர்கள் வீட்டு வழக்கப்படி பாஷா அவரை 'ஆபா' என்று கூப்பிடுவார். வீட்டில் உருது, கடையில் தமிழ். சண்டை என்றால் மட்டும் இரண்டு இடத்திலும் தமிழ்தான், பக்கத்துக் கடைக்கும் புரிய வேண்டுமல்லவா.

தாஜுன்னிசாவின் கணவர் வஹாப் கல்யாணமான இரண்டாம் வருடம் தோல் வியாபாரம் பழகுவதாகச் சொல்லி பம்பாய்க்குப் போனார். நோன்புப் பெருநாளுக்குள் வருவதாகச் சொன்னார். எந்த வருட நோன்பு என்று சொல்லவில்லை. ஏழு வருடம் ஒரு தகவலும் இல்லாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் முற்பகல், கையில் சூட்கேஸோடு வந்து கீழைத் தெரு வீட்டுக் கதவைத் தட்டினார். தாஜுன்னிசா திறந்தார்.

"நான்தான்," என்றார் வஹாப்.

"தெரியுது," என்றார் தாஜுன்னிசா. கதவைச் சாத்தினார். உள்ளே போய் அடுப்பிலிருந்த பாலை இறக்கினார். பால் பொங்கக்கூட இல்லை. அவ்வளவு சீக்கிரம் காரியம் முடிந்திருந்தது.

பால் பொங்குவதற்குள் நடந்த இந்தச் சம்பவம் பாஷாவின் நாவலில் கடைசி அத்தியாயம் முழுக்க நடக்கும். நாவலில் அவள் பெயர் சனோபர். கதவைப் பாதி திறந்த நிலையில் நின்றுகொண்டு சனோபர் பதினோரு பக்கம் யோசிக்கிறாள். நிலா காய்கிறது. கல்யாணப் புடவையின் ஜரிகை ஞாபகம் வருகிறது. அழுகிறாள், கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், துடைத்தது போதாமல் மறுபடி அழுகிறாள். பிறகுதான் கடைசி வரி: "கதவு சாத்தப்பட்டது."

அச்சுக்குப் போகும் முன் பாஷா இதை அக்காவுக்குப் படித்துக் காட்டினார். அவர் சீரகப் பொட்டலம் மடித்துக்கொண்டே கேட்டார்.

"அயுதேன்னு எய்திகீற?"

"கலை ஆபா அது."

"நெலா வேற போட்டுகீற. அப்ப மணி காலைல பதினொண்ணுடா."

"இலக்கியத்துல மணி பாக்கக் கூடாது ஆபா."

"கடைசில கதவ சாத்திட்டாளா இல்லியா?"

"சாத்திட்டா."

"அப்ப வுடு. மத்தது எப்டியோ போவட்டும்."

அந்த ஒரு வரியில் தாஜுன்னிசாவுக்கு என்ன அக்கறை என்றால், வஹாப் பக்கத்துப் பெரியவர்கள் அதுவரை மாதம் தவறாமல் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, "பழச மறந்துடும்மா, ஆம்பள தப்பு பண்றது சகஜம்" என்று அரைநாள் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். புத்தகம் வந்த பிறகு அது நின்றது. யாரும் படிக்கவில்லைதான். ஆனால் நம் பக்கத்தில் அச்சில் வந்துவிட்ட விஷயத்துக்குப் படிக்காமலே ஒரு மரியாதை உண்டு. "புஸ்தகமே போட்டு சாத்திட்டாங்க, இனிமே பேசி இன்னா பிரயோஜனம்" என்று பெரியவர்கள் கலைந்தார்கள். வஹாப்பும் ஏனாத்தூரில் காலேஜ் வாசலில் ஜெராக்ஸ் கடை போட்டு உட்கார்ந்தார். தாஜுன்னிசா நாவலைப் பற்றி ஒருநாளும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. ஆனால் பருப்பு மூட்டை மேலிருந்த கட்டுகளுக்குத் தூசி தட்டியது அவர் மட்டும்தான்.

இந்த நிலையில்தான் கலைச்செல்வன் வந்தார். மானாம்பதிக்காரர். கோடம்பாக்கத்தில் பன்னிரண்டு வருடம் உதவி இயக்குநராக இருந்து, வேறு யாருடைய படத்துக்கோ கிளாப் அடித்து அடித்து உள்ளங்கை காய்த்தவர். ஊருக்கு வந்தபோது கனி ஸ்டோர்ஸில் ஷாம்பு வாங்கினார். வாங்கினவர் கையில் பாஷா நாவலையும் திணித்தார். கலைச்செல்வன் படித்தார். உண்மையாகவே பிடித்திருந்தது. அதுதான் அவர் செய்த முதல் தவறு.

தயாரிப்பாளர் கிருஷ்ணசாமி. அரிசி ஆலை முதலாளி. உமியில்கூட லாபம் பார்க்கத் தெரிந்தவர். ஒரு நாவலில் உமி எவ்வளவு, அரிசி எவ்வளவு என்பதில் மட்டும் அவருக்கும் இயக்குநருக்கும் ஒத்துப்போகவில்லை.

கதை விவாதம் கடைக்குப் பின்னால் கிடங்கில், மிளகாய் மூட்டைகளின் மேல் நடந்தது. எல்லோரும் தும்மிக்கொண்டே பேசினார்கள்.

"சார், உங்க சனோபர் ரொம்ப யோசிக்கிறா," என்று ஆரம்பித்தார் கலைச்செல்வன்.

"யோசிச்சா இன்னா தப்பு?"

"தப்பில்ல சார். முக்கால் நாவல் யோசிச்சிகினே கீறா. நான் கேமராவ எங்க வெக்கறது? நெத்தில ஓட்ட போட்டா?"

"தலைக்கு மேல பொகைய வுட்டு அதுக்குள்ள காட்டு," என்றார் கிருஷ்ணசாமி. "எல்லாரும் அப்டிதான காட்றாங்க."

"ஏழு வருசத்துக்கும் பொகையா? ஜனங்க ஃபயர் சர்வீசுக்கு போன் பண்ணுவாங்க."

பாஷாவுக்கு இலக்கியம் தெரியும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். வியாபாரம் ரத்தத்திலேயே இருந்தது. ஒரு புள்ளி மாறாது என்று ஆரம்பித்தவர், எதிராளி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று ஆரம்பித்ததும், பஜார் வழக்கப்படி நடுவில் எங்கோ படிய வேண்டும் என்று தானாகவே இறங்கிவிட்டார். சனோபரின் மாமியாரை விட்டுக்கொடுத்து, அவள் வளர்த்த ஆட்டை வாங்கிக்கொண்டார். ஆட்டைக் கொடுத்து ஒரு மழைக்காலத்தை வாங்கினார். இரண்டு நாத்தனார்களைக் கொசுறாகப் போட்டார். நாற்பத்திரண்டு வயதுச் சனோபர் பத்தொன்பதுக்கு வந்தாள். "பத்தொம்போது வயசுப் பொண்ணு ஏழு வருசம் காத்துகினு இருந்தா, கல்யாணம் எப்பய்யா நடந்துது?" என்று பாஷா கணக்குக் கேட்டதற்கு, "சினிமால அதெல்லாம் யாரும் கயிச்சிப் பாக்க மாட்டாங்க பாய்" என்று கிருஷ்ணசாமி ஆறுதல் சொன்னார்.

பிறகு அவரே தொண்டையைச் செருமிக்கொண்டார். "பாய், ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காத. குடும்பத்த கொஞ்சம் பொதுவா வெச்சிக்கலாம்."

"பொதுவான்னா?"

"பொதுவான்னா... எல்லாருக்கும் தெரிஞ்ச குடும்பம் மாதிரி."

ஒரே மத்தியானத்தில் சனோபர் தேவி ஆனாள். மளிகைக்கடை நூறு ஏக்கர் பண்ணை ஆனது. கீழைத் தெரு வீட்டுக்கு நாலு கட்டும் ஒரு யானையும் சேர்ந்தன. பாஷா கொஞ்ச நேரம் மிளகாய் மூட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப உங்க படத்துல பாயே இல்லியா?"

"ஏன் இல்ல?" என்று கிருஷ்ணசாமி மனம் வருந்தினார். "கசாப்புக் கடை வெச்சிகினு ஒருத்தர் வராரு. தங்கமான மனுசன். இன்டர்வெல்லுக்கு முன்னாடி ஹீரோவுக்காக உசுரயே குடுக்கறாரு."

அன்று டீக்கடையில் பாஷா விளக்கம் கொடுத்தார். பேர் என்பது சட்டை மாதிரி. சட்டையை மாற்றினால் ஆள் மாறிவிடுவானா? புத்தகம் புத்தகமாகத்தான் இருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள், ஆளே மாறின பிறகு சட்டையாவது மிஞ்சியிருக்கிறதா என்று கேட்கவில்லை. டீ அவர் கணக்கில்தான்.

கடைசியில் கதவுக்கு வந்தார்கள். அங்கே பாஷா மலைபோல நின்றார்.

"சார், பதினோரு பக்கம் அந்தாளு வெளிய நிக்கறான்," என்றார் கலைச்செல்வன். "அவ யோசிக்கறா, சரி. அதுவரைக்கும் அவன் இன்னா பண்ணிகினு இருப்பான்? நீங்க உள்ள பூந்து அவ மனசப் பாத்துட்டு வரீங்க. நான் தெருவுலயே நிக்கறேன். எனக்குத் தெரியறது பலகையும் நாதாங்கியும்தான்."

"அங்க ஒரு பாட்டு வெச்சிடு," என்றார் கிருஷ்ணசாமி. "பாட்டு முடிஞ்சா தொறந்துடு. ஜனங்க துட்டு குடுத்து வந்து கதவு சாத்தறதையா பாப்பாங்க? அத அவங்க அவங்க வூட்லயே பாத்துக்கலாமே."

"கதவு மட்டும் தராசுல ஏறாது," என்றார் பாஷா.

கல்லாவிலிருந்து தாஜுன்னிசாவே எழுந்து கிடங்குக்கு வந்தார். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு இயக்குநரைப் பார்த்தார்.

"தம்பி, பேரு மாத்திக்கோ, வூடு மாத்திக்கோ, யானை கூட கட்டிக்கோ. கதவ மட்டும் தொறந்துடாத. தொறந்தியானா மறுபடி வாழப்பழம் எடுத்துகினு வந்துடுவானுங்க. ஒரு ஆயுசுக்குத் தின்னாச்சி."

கலைச்செல்வன் எழுந்து நின்று, தன் தாய்மேல் ஆணையாகச் சாத்துவதாகச் சொன்னார். ஆண்டவன் சாட்சியாகச் சொல்கிறோம், அவர் அன்று மனதாரத்தான் சொன்னார்.

திருமுக்கூடலில், ஆற்றங்கரைக்குப் பக்கத்து வீடு ஒன்றில் கதவுக் காட்சி எடுத்தார்கள். மூன்று ஆறுகள் கூடுகிற ஊர். அன்று மூன்றிலும் மணல் கூடியிருந்தது. டேங்கர் லாரியில் மழை வந்தது. பாஷாவும் தாஜுன்னிசாவும் நாற்காலி போட்டுப் பார்த்தார்கள். கதாநாயகன் நனைந்தான். கதாநாயகி, சொன்னபடியே, படார் என்று கதவைச் சாத்தினாள். தாஜுன்னிசா திருப்தியாகத் தலையசைத்தார்.

அந்த வீடு பழசு, நிலை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. சாத்தின கதவு, யாரும் தொடாமல், மெதுவாகத் தானே திறந்துகொண்டது. உள்ளே நின்ற நடிகைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யூனிட்டே சிரித்தது. கட்டையை முட்டுக் கொடுத்து மறுபடி எடுத்தார்கள். இந்த முறை சாத்தினது சாத்தினபடி நின்றது. அக்காவும் தம்பியும் நிம்மதியாகப் பஸ் ஏறினார்கள். கிருஷ்ணசாமி மட்டும் சிரிக்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் தை மாதம் வந்தது. பெயர் 'திறந்துவிடு தேவதையே'. போஸ்டர் ஒட்டினபோதே விஷயம் புரிந்திருக்க வேண்டும். தலைப்பு சும்மா ஒரு கவர்ச்சிக்கு என்று பாஷா எல்லோருக்கும் சமாதானம் சொல்லி, அத்தர் பூசிக்கொண்டு, ஊர்க் கொட்டகையில் முதல் நாள் மாட்டினி ஷோவுக்குப் போனார். 'மூலக்கதை' என்று அவர் பெயர் வந்தபோது எல்லோரும் இருட்டில் சீட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். கசாப்புக்கடை பாய் தியாகம் செய்தபோது விசில் பறந்தது. யானை வந்தது. கடைசியில் கதவு வந்தது. தேவி சாத்தினாள். பெண்கள் பக்கத்தில் தாஜுன்னிசா புர்காவைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டார்.

கதவு மெதுவாகத் தானே திறந்துகொண்டது. உள்ளே தேவி சிரித்துக்கொண்டு நின்றாள். மழை கொட்டியது. ஐம்பது பேர் குடையோடு ஆடினார்கள். கொட்டகையே எழுந்து ஆடியது.

மறுநாள் பாஷா எஸ்.டி.டி. பூத்திலிருந்து கலைச்செல்வனைப் பிடித்தார். "சாத்தறேன்னு சத்தியம் பண்ணியே!"

"நான் சாத்தினேன் சார். நீங்களே பாத்தீங்க. கதவுதான் தொறந்துச்சி. கிருஷ்ணசாமி சார் அந்த டேக்குதான் வேணும்னு எடிட்டிங்ல உக்காந்துட்டாரு. எனக்கும் புடிக்கல சார். ஆனா ரெண்டாவது வாரமும் ஓடும் போல."

கடையில் தாஜுன்னிசா காத்திருந்தார்.

"நான் சாத்தினேன். யாருடா தொறந்தது?"

"அது சினிமா ஆபா. இன்னிக்கி கீது, நாளைக்கி பொட்டியத் தூக்கினு பூடும். புஸ்தகத்துல சாத்திதான் கீது. அத எவனாலயும் தொறக்க முடியாது."

"நீயே மாத்தி எய்தினவன்தான. நான் எப்படா அயுதேன்?"

பாஷா தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

"சரி, போவுது," என்றார் தாஜுன்னிசா. "அந்த ஒரு வரியையாவது வுடாம புடிச்சிக்கோ. எனக்குன்னு கீறது அதான்."

வெள்ளிக்கிழமைக்குள் வாழைப்பழம் வந்துவிட்டது. இந்த முறை பெரியவர்களுக்குப் புது நியாயம் கிடைத்திருந்தது. "படத்துலயே தொறந்துட்டாங்கம்மா. அதுவும் உங்க கதைதானாமே."

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வஹாப்பே வந்தார். ஏனாத்தூரில் பஸ் ஏறி, கீழைத் தெருவில் சூட்கேஸோடு நின்றார். படத்தில் கதாநாயகன் போட்டிருந்த மாதிரியே வெள்ளைச் சட்டை. மழைக்கு ஏற்பாடு இல்லாததால் வியர்வையில் நனைந்திருந்தார். தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. கடையிலிருந்து பாஷா ஓடிவந்தார். எதிர்வீட்டுப் பூக்காரி மங்கம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னா பாய், ஒண்டியா வந்துகீற? ஆடறதுக்கு ஆளுங்கள இட்டாரலியா?" என்றாள்.

வஹாப் கதவைத் தட்டினார். தாஜுன்னிசா திறந்தார்.

"படம் பாத்தேன்," என்றார் வஹாப்.

"நானும் பாத்தேன்."

"அதுல..."

"அதுல தொறந்தது அந்தப் பொண்ணு. அவ வூட்டுக்குப் போ."

கதவு சாத்திக்கொண்டது. தெரு சிறிது நேரம் அந்தக் கதவையே பார்த்தது. இந்த வீட்டு நிலை இறங்கவில்லை. கதவு அசையவில்லை. வஹாப் சூட்கேஸை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு பஸ் நிலையம் பக்கம் நடந்தார்.

"பாத்தியா மங்கம்மா!" என்று பாஷா குதித்தார். "என் கடைசி அத்தியாயம்! அப்டியே!"

"உன் புஸ்தகத்துல அவங்க அயுதாங்கன்னு சொன்னியே நைனா," என்றாள் மங்கம்மா, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே.

இதற்குள் கடையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. நாவல் விற்றது. மாட்டினி பார்த்துவிட்டு வந்தவர்கள் நேரே கனி ஸ்டோர்ஸுக்கு வந்து, அரைக் கிலோ ரவையோடு "அந்தக் கதை புஸ்தகம் ஒண்ணு" என்று கேட்டார்கள். பருப்பு மூட்டை மேலிருந்த கட்டுகள் முதன்முறையாக இறங்கி, ஊதுபத்திக்கும் சோப்புக்கும் நடுவே கல்லாப் பக்கம் வந்து உட்கார்ந்தன. பாஷா ஒவ்வொரு பிரதியையும் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். அந்த நாட்களில் அவர் முகத்தைப் பார்த்தவர்கள், வீட்டில் பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது போல என்று நினைத்தார்கள்.

பிறகு ஒரு நாள் மின்சார வாரிய லைன்மேன் வரதன் புத்தகத்தோடு திரும்பி வந்தான்.

"பாய், இதுல கடைசி பக்கம் தப்பா கீது."

"இன்னா தப்பு?"

"கதவ சாத்திட்டா. படத்துல தொறந்தா. நான் ரெண்டு தபா பாத்தேன், ரெண்டு தபாவும் தொறந்தா."

"வரதா, புஸ்தகம்தான் மொதல்ல வந்தது."

"அதான் நானும் நெனைச்சேன். பழைய சரக்கு. புதுசு இருந்தா மாத்திக் குடு."

கல்லாவிலிருந்து தாஜுன்னிசா சொன்னார்: "மாத்தறதுக்கு இது இன்னா பருப்பா வரதா?"

"பருப்பா இருந்தா நானே பொறுக்கிட்டு ஆக்கிடுவேன்கா. முடிவ இன்னா பண்றது? எங்க வூட்ல படிச்சிட்டு ராத்திரி சோறு துன்னல."

பாஷா அக்காவைப் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "மாத்த முடியாது. ஒரு புள்ளி மாத்த முடியாது. போ."

வரதன் புத்தகத்தைக் கல்லாமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். அப்துல் கனி கடை திறந்த நாளிலிருந்து, குறை என்று வந்த ஒருவர் குறையோடு திரும்பிப் போனது அதுதான் முதல் தடவை. பாஷாவுக்கும் அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

வரதனுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். டெய்லர் வந்தார். நர்சம்மா வந்தார். காஞ்சிபுரம் புத்தகக் கடைக்காரர் ஒருவர் வந்து, முடிவு மட்டும் படத்தில் இருக்கிற மாதிரி இருந்தால் இருக்கிற கட்டு முழுவதையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். பாஷா எல்லோருக்கும் அதே பதிலைச் சொன்னார். குரல் மட்டும் நாளுக்கு நாள் இறங்கியது. திரும்பி வந்த புத்தகங்களை மத்தியானங்களில் எடுத்துப் புரட்டிப் பார்ப்பார். ஒன்றில் சாம்பார்க் கறை. ஒன்றில் பஸ் டிக்கெட் அடையாளம். நடுவில் மடித்த பக்கங்கள், பென்சில் கோடுகள். திருப்பிக் கொடுத்த அத்தனை பேரும் கடைசிப் பக்கம் வரை படித்திருந்தார்கள்.

"உன் மூஞ்சி சரியில்ல பாஷா," என்றார் தாஜுன்னிசா. "மாத்திடாத."

"நானா ஆபா? என்னை யாருன்னு நெனைச்ச?"

"உன்னைத் தெரியும். அதான் சொல்றேன். அவன் உன் கஸ்டமரு. சரி. அப்ப நானு?"

"மாறாது ஆபா. போதுமா?"

மறுவாரம் தாஜுன்னிசா ஒரு கல்யாணத்துக்காகக் காஞ்சிபுரம் போனார். மத்தியானம் பஜாரில் ஆள் நடமாட்டமில்லை. பாஷா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டார். தேவி கதவைத் திறந்ததை எழுதுவது சுலபமாக இருந்தது. அதற்கு மேல்தான் திண்டாட்டம். மழையை எழுதலாம். ஐம்பது குடையை எப்படி எழுதுவது? பாட்டை எப்படி எழுதுவது? பாட்டு நடக்கும்போது சனோபர் என்ன நினைத்தாள்? அவள் ஒன்றுமே நினைத்ததாகப் படத்தில் காட்டவில்லையே. துவரம் பருப்பு கேட்டு யாராவது வந்தாலாவது அத்தியாயத்தை அங்கேயே முடித்துவிடலாம். அன்று பார்த்து ஒருவரும் வரவில்லை.

நெடுநேரம் கழித்து மூன்று வாக்கியம் எழுதினார். தெருக்கோடியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸில் அதைச் சிறு சிறு சீட்டாக அடித்து வாங்கிவந்தார். மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினார். வரதனின் பிரதியை எடுத்து, கடைசி வரியின் மேல் சீட்டை ஒட்டி, விரலால் நீவிவிட்டார்.

"அவள் கதவைத் திறந்தாள். மழை பெய்தது. இருவரும் பாடினார்கள்."

தோளில் ஏணியோடு வரதன் அந்தப் பக்கம் போனான். பாஷா ஷட்டருக்குக் கீழே குனிந்து அவனைக் கைகாட்டிக் கூப்பிட்டார். வரதன் ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்து, புத்தகத்தைக் கையில் வாங்கி, ஈரமாக இருந்த அந்தப் பக்கத்தை உதடு அசையப் படித்தான்.

"இப்பதான் பாய் சரியா கீது."

"சரி, எடுத்துகினு போ," என்றார் பாஷா. அவன் போன பிறகு விரலில் ஒட்டியிருந்த பசையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, நர்சம்மா திருப்பிக் கொடுத்த பிரதியை எடுத்தார்.